அம்மோனியா: தண்ணீரைத் தேடி ஓடும் வாயு



எர்ணாவூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்து நோட்டை மூடும் நேரத்தில் ஓர் அக்கா கேட்டார்: "அந்த ராத்திரி வந்துச்சே கேஸு, அது நம்ம அடுப்பு கேஸ் மாதிரியா, வேறயா? இத்தினி நாளாச்சு, யாரும் சொல்லவே இல்லியேம்மா." எங்களுக்கும் அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் எழுதியதுதான் இந்தப் பாடம். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

அந்த அக்கா சொன்னது 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவை. எண்ணூரில் உள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அப்போது அம்மோனியா கப்பலில் வந்தது. கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாக அதைக் கரைக்கு எடுத்தார்கள். அன்று அந்தக் குழாயைக் குளிரவைக்கும் வேலை நடந்தபோது, நள்ளிரவுக்குச் சற்று முன் கடலுக்குள்ளேயே கசிவு ஏற்பட்டது. தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழ் விட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் பலருடைய ஆதங்கம்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். அடுப்பு கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதன் வாசனைகூட நாம் கண்டுபிடிப்பதற்காகக் கலந்ததுதான். அம்மோனியாவின் காட்டம் அதனுடைய சொந்தக் காட்டம். குழந்தையின் மூத்திரத் துணியை அலசாமல் மூடி வைத்தால் மூக்கில் ஏறுமே, அதேதான். அது காற்றைவிட லேசானது. ஆனால் குழாயிலிருந்து குளிர்ந்த திரவமாகக் கொட்டும்போது வெள்ளைப் பனிபோலத் தரையை ஒட்டியே நகர்ந்து வரும். ஆகவே "லேசான வாயுதானே, மேலே போயிடும்" என்று நிற்கக் கூடாது.

தொழிற்சாலையில் வைத்திருப்பதை 'நீரற்ற அம்மோனியா' என்பார்கள், துளித் தண்ணீர்கூட இல்லாதது. பூஜ்யத்துக்கும் கீழே 33 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் 800 லிட்டருக்கும் மேல் வாயுவாகப் பரவும். தண்ணீர் இல்லாததால் தண்ணீரைத் தேடி ஓடும். நம் உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறது? கண், மூக்கு, தொண்டை, நுரையீரல், வியர்த்த கழுத்து. அங்கே போய்க் கரைந்து, காரமாகிச் சுடும். அன்றிரவு கண் எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு பொல்லாததை ஏன் வைத்திருக்கிறார்கள்? பயிருக்குத் தேவையான தழைச்சத்து இதிலிருந்துதான் வருகிறது. யூரியா, காம்ப்ளக்ஸ் உரம் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இதுவே. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971 முதல் அம்மோனியாவும் யூரியாவும் உற்பத்தி செய்து வருகிறது. அப்புறம் ஐஸ். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் சகோதரிகளுக்கு ஐஸ் பார் இல்லாமல் பிழைப்பு இல்லை. ஐஸ் கம்பெனிகளின் குழாய்களுக்குள் அம்மோனியா ஆவியாகிச் சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் தண்ணீர் உறைகிறது. (ஐஸ் கட்டிக்குள் அம்மோனியா கிடையாது, பயப்பட வேண்டாம்.) மீன் பதப்படுத்தும் கம்பெனிகளிலும் இதே முறைதான். 2024 ஜூலையில் தூத்துக்குடியில் அப்படி ஒரு கம்பெனியில் கசிந்தபோது மயங்கி விழுந்த சுமார் 30 பேரும் வேலைக்குப் போன பெண்கள்தான்.

சரி, கசிந்தால் என்ன செய்வது? முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். முந்தானையைத் தூக்கிப் பிடித்தாலே தெரியும். மீனவக் குடும்பத்துச் சகோதரிகளுக்குக் காற்றைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயு வரும் திசைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் கட்டுங்கள். தண்ணீரைத் தேடும் வாயு கொஞ்சமாவது அந்தத் துணியிலேயே கரையும். அது வெளியேறும் நேரத்துக்கு மட்டும்தான், அங்கேயே நிற்பதற்கு அல்ல. வெள்ளைப் புகை ஏற்கெனவே தெருவுக்குள் வந்துவிட்டது, போக வழியில்லை என்றால் கதவு, ஜன்னலை அடைத்து இடுக்கில் ஈரத்துணி செருகி உள்ளேயே இருங்கள். ஓலை, தகரம் போட்ட வீடுகளில் இது எவ்வளவு முடியும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் பக்கத்தில் எந்தக் கல்வீட்டுக்குப் போவது என்று முன்னாலேயே பேசி வைக்கச் சொல்கிறோம்.

கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரை விட்டு விடாமல் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். கசக்காதீர்கள். எலுமிச்சம்பழம், மோர், எண்ணெய் எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். குழந்தைகள், இளைப்பு உள்ளவர்களைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. போபாலுக்குப் பிறகு 1989-ல் மத்திய அரசு அபாயகரமான ரசாயனங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. பெரிய அளவில் இவற்றை வைத்திருக்கும் ஆலை, என்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்பதைச் சுற்றியுள்ள மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 15-ஆவது விதி சொல்கிறது. இது சலுகை இல்லை, அவர்கள் கடமை. சைரன் எப்படி ஒலிக்கும், எந்த இடத்தில் கூட வேண்டும், வண்டி யார் அனுப்புவார்கள் என்று கேட்டு, குழுவின் லெட்டர் பேடில் ஆலைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் மனு கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. அவருடைய குழுவில் இப்போது தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தெருவில் நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கர்ப்பிணிகள் யார் யார், ராத்திரியில் அவர்களை யார் கூட்டிப் போவது என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.