பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு: முதலில் மெமரியைப் பாருங்கள்

கிராபிக்ஸ் கார்டு மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எது அதிக ஃபிரேம் தருகிறது என்று பார்த்து, பட்ஜெட்டுக்குள் வேகமானதை வாங்கிவிடுகிறார்கள். ஆறேழு வருடப் பழைய கம்ப்யூட்டருக்கு இந்த வழி சரிப்படாது. கார்டில் எத்தனை ஜிபி மெமரி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்விடியா 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யையே எடுத்துக்கொள்ளலாம். 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை. சிப் ஒன்றுதான், 4,608 கோர்கள் இரண்டிலும் உண்டு. அறிமுக விலையில் வித்தியாசம் 50 டாலர். லேசான கேம்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. டெக்ஸ்ச்சர் கனமான கேமில் 8 ஜிபி நிரம்பியதும் மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போய்விடும். தேவைப்படும்போதெல்லாம் அங்கிருந்து ஸ்லாட் வழியாக வந்தாக வேண்டும். கார்டுக்குள் மெமரியின் வேகம் வினாடிக்கு 448 ஜிபி. ஆனால் இந்தக் கார்டு ஸ்லாட்டில் 8 லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ-இ 5.0 போர்டில் அந்த வழியின் வேகம் வினாடிக்குச் சுமார் 32 ஜிபி. இன்டெல் 10-ஆம் தலைமுறை வரையிலான போர்டுகளிலும் ஏஎம்டி பி450-யிலும் இருக்கும் 3.0-வில் வெறும் 8 ஜிபி. படம் திக்கித் திக்கி ஓடுவது இங்கேதான் தொடங்குகிறது. ‘பழைய கம்ப்யூட்டர்தானே, 8 ஜிபி போதும்’ என்பார்கள். பழைய போர்டுக்குத்தான் மெமரி தாராளமாக வேண்டும்.

வாலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 மட்டும் விளையாடுகிறவருக்கு 16 ஜிபி எதற்கு என்று கேட்டால், தேவையில்லைதான். அவருக்கு 5060 டிஐ-யே அதிகம். ஏஎம்டியின் 132 வாட் ஆர்எக்ஸ் 6600 போதும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போட்டுச் சமாளிக்கலாமே என்ற வாதம் அவ்வளவு வலுவானதல்ல. அது சிப்பின் வேலையைக் குறைக்கிறது. டெக்ஸ்ச்சர் பிடிக்கும் இடம் பெரிதாகக் குறைவதில்லை. இடையில் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷனோ தன் பங்குக்குக் கூடுதல் மெமரி கேட்கும். டெக்ஸ்ச்சர் தரத்தைக் குறைத்தால் ஓடும் என்பது உண்மை. ஆனால் மெமரி மட்டும் இருந்தால், வேகத்தை ஏறக்குறைய இழக்காமல் படத்தை அழகாக்கும் செட்டிங் அதுதான். காசு கொடுத்து வாங்கும் புதுக் கார்டில் முதல் நாளே அதைக் குறைக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

ஆகவே கேமுக்கு மட்டும் என்றால் என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. அறிமுக விலை 349 டாலர். 16 லேன்களையும் பயன்படுத்துவதால் பழைய போர்டில் பாதிப்பு குறைவு. பிளெண்டர், வீட்டிலேயே ஓட்டும் ஏஐ மாடல்கள் என்று வேலை இருப்பவர்கள் 429 டாலருக்கு வந்த 5060 டிஐ 16 ஜிபி-யை வாங்கலாம். அந்த மென்பொருள்களில் பலவும் என்விடியாவின் கூடா தொழில்நுட்பத்தை நம்பி எழுதப்பட்டவை. இன்டெலின் ஆர்க் பி580-யில் 12 ஜிபி உண்டு, அறிமுக விலை 249 டாலர்தான். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒருசேர அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அதன் வேகம் வெகுவாக விழுந்துவிடும். பழைய பிராசஸரோடும் சரியாக ஒத்துப்போகாது. விலை ஆசைகாட்டினாலும் பழைய கம்ப்யூட்டருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கட்டுமுன் கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) பாருங்கள். ஸ்லாட் தருவது 75 வாட்தான். 9060 எக்ஸ்டி கேட்பது 160. மிச்சத்துக்கு 8-பின் கேபிள் வேண்டும். அது இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து கன்வர்ட்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம், வயர் சூடாகி உருகக்கூடும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.