தூரிகையில்லா மோட்டார்

பௌதிகப் பாடத்தில் நாம் கற்ற மின்மோட்டாரில் பிளவு வளையங்களும் கார்பன் தூரிகைகளும் உண்டு. ரேடியோ அலையால் இயக்கிப் பந்தயம் விடும் சிறு கார்களிலும் முன்பு அவையே இருந்தன. உரசி உரசித் தேய்ந்தன. தூரிகையில்லா மோட்டாரில் காந்தம் சுழல்கிறது, கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. மூன்று கம்பிகளின் வழியே முறை மாற்றி மின்னோட்டம் அனுப்புவது வேகக் கட்டுப்படுத்தியின் வேலை. எனவே இரண்டையும் சேர்த்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

மோட்டாரின் மேல் 'கேவி' என்று ஓர் எண் இருக்கும். கிலோவோல்ட் என்று எண்ணிவிட வேண்டாம்! சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 3500 கேவி மோட்டாரை 7.4 வோல்ட் பாட்டரியில் இணைத்தால் 25,900 சுற்றுகள். அப்படியானால் 6000 கேவி வாங்கலாமே என்று ஆசை எழும். அங்கேதான் ஏமாறுகிறோம். அதே திருப்புவிசைக்கு அது சுமார் 1.7 மடங்கு மின்னோட்டம் கேட்கும். ஜூல் விதியை நினைவுகூர்வோம்: கட்டுப்படுத்திக்குச் செல்லும் கம்பிகளில் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். தாங்காத கட்டுப்படுத்தி புகைந்தால், புகைவது அப்பா கொடுத்த பணம்.

ஆகவே கட்டுப்படுத்தியின் ஆம்பியர் அளவு, மோட்டார் இழுப்பதைவிடத் தாராளமாக இருக்கட்டும். வளைவுகள் மிகுந்த களத்திற்குக் காந்தத்தின் நிலையைத் தெரிவிக்கும் உணரியுள்ள மோட்டாரே எங்களுக்குப் பிடித்தது. உணரியற்றது புறப்படும்போது திக்கித் திணறும்.

முதல் ஓட்டத்தை இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பார்ப்போம். விரல் பொறுக்காத சூடானால், அதன் அச்சிலுள்ள சிறு பற்சக்கரத்திற்குப் பதிலாக ஒரு பல் குறைந்ததைப் பொருத்தி, மறுபடி ஓட்டுவோம்.