களவாகாத நகல்

ஒரு நூலை அதன் ஆசிரியரைக் கேளாமல் முழுவதும் படியெடுப்பது களவா? மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் கட்டளையைப் படித்த மாணவி ‘ஆம்’ என்றே விடை கூறுவாள். அது சரியான விடைதான். நூலை எழுதியவர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார். அச்சிட்டவர் முதல் போட்டிருக்கிறார். அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடாமல் நகல் எடுத்து விற்பவன் பிறர் கூலியைத் தின்பவன் ஆவான். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவ்வுழைப்பைக் காக்கவே எழுந்தது. ஆசிரியர் வாழும் காலமும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நூலின்மீது உரிமை நிலைத்திருக்கும்.

இனி, மாணவியரே, இரண்டாவது கேள்வி. உங்கள் பக்கத்து வீட்டில் பார்வையற்ற அக்கா ஒருவர் பி.ஏ. படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாடநூலை நீங்கள் வாய்விட்டுப் படித்து, கைப்பேசியில் பதிவு செய்து அவரிடம் கொடுக்கிறீர்கள். நூல் முழுவதும் நகலாகிவிட்டது. ஆசிரியரை யாரும் கேட்கவில்லை. இதுவும் களவுதானா?

2012 வரை நம் சட்டத்தில் இதற்கெனத் தனி விதிவிலக்கு இல்லை. முறைப்படி நடக்க விரும்பிய ஒரு நிறுவனம் ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பதில் வராவிட்டால் நூலும் இல்லை. பதில் வரும்வரை தேர்வு காத்திருக்குமா?

இந்த இடர்ப்பாடு பார்வையற்றோருக்கு மட்டும் உரியதன்று. மங்கிய பார்வை உடையவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். கைகள் செயலிழந்தவரால் நூலைப் பிடிக்கவோ பக்கத்தைத் திருப்பவோ இயலாது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தும் அவற்றைச் சொற்களாகக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. இக்குறையை டிஸ்லெக்சியா என்பர். வகுப்பில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுள் சிலர் இவ்வகையினர் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த 2010-இல் ஒரு மசோதா நாடாளுமன்றத்திற்கு வந்தது. அதன் முதல் வடிவம் பிரெயில் போன்ற தனி வடிவங்களுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தாராளமாகவே தோன்றும். ஆனால், பார்வையற்றோர் அனைவரும் பிரெயில் அறிந்தவர் அல்லர். நடுவயதில் நீரிழிவால் பார்வை இழந்தவரின் விரல் நுனிக்கு ஆறு புள்ளி எழுத்து எளிதில் வசப்படாது. டிஸ்லெக்சியா உள்ள சிறுமிக்கும் அதனால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒலிநூல், பெரிய எழுத்து, கணினி படித்துக் காட்டக்கூடிய சாதாரண மின்னெழுத்து. இவற்றை விட்டுவிட்டு அளிக்கும் விலக்கு பாதி வாசலை மட்டுமே திறக்கும் என்று மாற்றுத்திறனாளிகளே முன்னின்று வாதாடினார்கள். மும்பையில் இயேசு சபையினரின் தூய சவேரியார் கல்லூரியிலுள்ள பார்வையற்றோர் உதவி மையமும் இம்முயற்சியில் பங்கு கொண்டது. 2012-இல் நிறைவேறிய திருத்தம் ‘அணுகத்தக்க எவ்வடிவமும்’ என்ற பொருளில் அமைந்தது. இரண்டொரு சொற்களின் மாற்றம்தான். ஆனால் எத்தனை பேருக்கு அது நூலைத் தந்தது!

மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் நிறுவனங்கள் மட்டுமன்றி, எந்தத் தனி மனிதரும் அவர்களுடைய சொந்த உபயோகத்திற்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நூலை வடிவம் மாற்றித் தரலாம் என்று இப்பிரிவு கூறுகிறது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படித்துக் கொடுத்த மாணவி களவு செய்யவில்லை. நிறுவனங்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு: இலாபம் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம், நகல் வெளிச் சந்தைக்குப் போகாமல் தக்க கவனம் எடுக்க வேண்டும்.

வேறொரு சிக்கல் நாடுகளின் எல்லையில் இருந்தது. பிரெயில் நூல் இடத்தை அடைப்பது. முழு விவிலியம் பிரெயிலில் ஓர் அலமாரித் தட்டையே நிரப்பிவிடும். இவ்வளவு பாடுபட்டு ஒரு நாட்டில் தயாரித்த நூலை அதே மொழி பேசும் அண்டை நாட்டுக்கு அனுப்பச் சட்டம் தடையாக நின்றது. ஸ்பெயினில் ஆயத்தமாக இருந்த நூலை அர்ஜென்டினாவில் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டிய நிலை. உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் இதைப் ‘புத்தகப் பஞ்சம்’ என்று அழைத்தது. 2013 ஜூன் 27 அன்று மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இத்தகைய நகல்களை நாடுவிட்டு நாடு அனுப்ப அது வழி செய்தது. 2014-இல் அதை முதன்முதலாக உறுதி செய்த நாடு இந்தியா என்பது நமக்குப் பெருமை. இருபது நாடுகள் சேர்ந்ததும், 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே நம் நாட்டில் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகமும் தொடங்கிற்று.

சட்டம் தடையை நீக்கலாம். நூலைத் தயாரிக்க ஆள் வேண்டும். அதிலும் தமிழ் நூலுக்குத் தொல்லை அதிகம். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் கணினி, மெய்யெழுத்தின் புள்ளியைத் தவறவிடும். துணைக்காலை ‘ர’ என்று எண்ணிக்கொள்ளும். பழைய எழுத்துருவில் கோத்த கோப்பைப் பதிப்பாளரே மனமுவந்து கொடுத்தாலும், திரைவாசிப்பான் அதைத் தமிழாக அறியாமல் ஆங்கில எழுத்துகளாக உளறும். ஆகவே யாராவது ஒருவர் வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தியாக வேண்டும்.

குரலில் பதிவு செய்வது உங்கள் வயதினருக்கு எளிது. ஆனாலும் அதற்கு ஒரு முறை உண்டு. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு ஆகியவற்றை முதலில் கூறுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் சொல்லுங்கள்; வகுப்பில் ஆசிரியை ‘42-ஆம் பக்கம்’ என்றால் கேட்பவரும் அங்கே போக வேண்டாமா? அட்டவணையில் ஒவ்வொரு எண்ணும் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று சொல்லுங்கள். ‘இங்கே ஒரு படம் இருக்கிறது’ என்று சொல்லிக் கடந்துவிடுதல் கூடாது. காவிரியின் வரைபடம் என்றால், மேற்கே குடகில் பிறந்து கிழக்கே கடலில் கலப்பதை வழியிலுள்ள ஊர்களோடு விளக்குங்கள். அடிக்குறிப்பையும் விடாதீர்கள், எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் படிப்பவரே தீர்மானிக்கட்டும். உணர்ச்சி பொங்க நாடகம் போல் படிக்கவும் வேண்டாம். அவர் பாடத்தைக் கேட்க வந்திருக்கிறார், பேச்சுப் போட்டிக்கு அன்று.

பதிவு முடிந்தபின் அதை உங்கள் வகுப்புத் தோழிகளின் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் நூலகத்தில் நூலை எடுத்துப் படிக்கக்கூடியவர்கள். விலக்கு அவர்களுக்கு உரியதன்று. ‘இப்பதிவு அச்சுநூலைப் படிக்க இயலாதோருக்கு மட்டும்’ என்று தொடக்கத்திலேயே குரலில் சொல்லிவிடுவது நல்லது.