தொட்டியில் ஒரு குக்குலு மரம்

குங்கிலியக் கலய நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் நன்கு அறிவீர்கள். பசித்திருந்த குடும்பத்துக்கு நெல் வாங்கிவர மனைவியார் கழற்றித் தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியப் பொதி வாங்கி, திருக்கடவூர்ச் சந்நிதியில் சேர்த்தவர் அவர். நாம் வாங்கும் பொட்டலம் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பினாங்குக் கடைகளில் 'கெமெஞான்' என்று விற்கும் சாம்பிராணி, கடலுக்கு அக்கரையில் சுமத்திராவின் ஈரக்காட்டு மரத்தில் வடிவது. குங்கிலியம் என்ற பெயரோ ஒன்றுக்கு மேற்பட்ட பிசின்களுக்கு வழங்குகிறது. சால மரத்துப் பிசின் ஒன்று; குக்குலு மற்றொன்று. குக்குலு, இராஜஸ்தான், குஜராத் வறள்நிலங்களில் வளரும் முள்மரம். தமிழ்நாட்டு வேலிகளில் நிற்கும் கிளுவை அதற்கு நெருங்கிய உறவு.

மூலிகை வளர்க்கும் நண்பர் ஒருவர் தந்த குக்குலுக் குச்சியை முற்றத்தில் நட்டேன். அன்பு மிகுதியால் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அக்டோபர் மழை மீதியைச் செய்தது, அடித்தண்டு அழுகிவிட்டது. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழையைக்கூடப் பெரும்பாலும் காணாத செடியை, 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊரில் வெட்டவெளியில் வைத்தது என் பிழை.

இரண்டாம் குச்சியை நிழலில் சில நாள் வைத்து, வெட்டுவாய் உலர்ந்த பிறகே நட்டேன். மண்தொட்டி, அடியில் பெரிய துளை, மூன்று பங்கு பருமணல், ஒரு பங்கு மண். வெயில் விழும், மழை விழாத அஞ்சடியின் ஓரம். விரலை விட்டுப் பார்த்து, உள்மண்ணும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். சில மாதங்களில் இலையெல்லாம் உதிர்ந்தது. வீட்டார் செத்துவிட்டது என்றார்கள். நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை! வறட்சியில் இலையை உதிர்த்து உயிரைக் காத்துக்கொள்வது அதன் இயல்பு. அந்த வேளையில் தண்ணீர் ஊற்றுவதுதான் கொலை.

பட்டை இப்போது மெல்லிய காகிதம்போல் உரிகிறது. பார்க்க வருகிறவர்கள், "கீறினால் பால் வருமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வரும். அதுவே அதன் கேடு. பிசின் மிகுதியாக வடிய வேண்டுமென்று ஆழக் கீறி, இரசாயனமும் தடவுவதால் காட்டில் மரங்கள் பட்டுப்போகின்றன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் குக்குலு, மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆகவே என் செடியை நான் கீறுவதில்லை. வெள்ளிக்கிழமைத் தூபத்துக்குக் கடைச் சாம்பிராணிதான். செடிக்குக் குச்சி வெட்டும் பருவம் வந்துவிட்டது. முதல் குச்சியைத் தந்த நண்பருக்கே ஒன்று கொடுத்திருக்கிறேன், அவருடையது சென்ற மழையில் போய்விட்டதாம்.