பழைய கிற்றார் இரைகிறதா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் கிற்றாருக்கு இரண்டு பகை: உப்புக்காற்றும் மாறும் ஈரப்பதமும். வாடை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்ச, முன்பலகை புடைத்துத் தந்திகள் உயரும். கச்சான் வீசும் மாதங்களில் மரம் வற்றிப் பலகை தாழும். தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும்.

முதல் வேலை, துருப்பிடித்த தந்திகளை மாற்றுவது. பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள்.

• அழுத்தாத தந்தி மட்டும் இரைந்தால்: கழுத்தின் மேல்முனையிலுள்ள நட் கட்டையின் பள்ளம் தேய்ந்திருக்கும். தற்காலிகமாகச் சமையல் சோடாவும் சூப்பர் குளூவும் இட்டு நிரப்பி, மெல்ல அராவலாம்.

• ஓரிடத்தில் மட்டும்: அடுத்த ஃப்ரெட் மேலெழுந்திருக்கலாம். தேய்த்துச் சமப்படுத்தும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுங்கள்.

• முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில்: கழுத்து வளைவிழந்திருக்கும். 1ஆம், 14ஆம் ஃப்ரெட்டுகளில் தந்தியை அழுத்துங்கள். 7ஆம் ஃப்ரெட்டின் மேல் சுமார் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லையெனில் கழுத்தினுள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி அளவிடுங்கள். நைலோன் தந்திக் கிற்றார்கள் பலவற்றில் இந்தக் கம்பி இராது.

• எங்கு அழுத்தினாலும்: முறுக்காணிகளின் திருகுகளை இறுக்குங்கள். பலகையை விரலால் தட்டும்போது கரகரத்தால், உள்சட்டம் பசை விட்டிருக்கிறது. மரப்பசை வைத்து, கவ்வியால் இறுக்கி, ஒரு நாள் காயவிடுங்கள்.

கிற்றாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். கச்சான் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.