தட்டை எண்ணுவதா, தட்டை மாற்றுவதா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு இன்று இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சாப்பிடும் ஒவ்வொன்றுக்கும் கலோரிக் கணக்கு வைப்பது. கைப்பேசியில் ஒரு செயலி, அடுப்பங்கரையில் ஒரு சிறு தராசு, நாளுக்கு இத்தனை என்று ஒரு வரம்பு. மற்றது, கணக்கே வேண்டாம் என்பது. காய், கீரை, பயறு, தீட்டாத தானியம், மீன், முட்டை, மோர் என்று முழுமையான உணவாகப் பார்த்துச் சாப்பிட்டால் எடை வழிக்கு வந்துவிடும் என்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சமைத்துச் சாப்பிடும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். ஆனால் அரிசி, எண்ணெய், சர்க்கரை, தேங்காய் ஆகிய நான்குக்கும் கணக்கு இல்லாவிட்டால் அந்த வழி பலன் தராது. அந்தக் கணக்கையும் சாப்பிட உட்காரும்போது போடக் கூடாது. மாதத் தொடக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதும்போதே போட்டுவிட வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

உணவை எரிபொருளாகப் பார்த்து அளக்கும் பழக்கத்துக்கு வலுவான அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் வில்பர் ஆட்வாட்டர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், மனிதர்களை மூடிய அறைக்குள் நாள்கணக்கில் தங்கவைத்து, அவர்கள் உண்டதையும் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்று பொட்டலங்களில் அச்சாகும் கணக்கு அவருடைய வேலையிலிருந்து வந்ததுதான். அதை எடைக் குறைப்புக் கருவியாக வீட்டுக்குள் கொண்டுவந்தவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர். 1918-இல் வந்த அவருடைய புத்தகம் அமெரிக்கப் பெண்களைக் கலோரி எண்ண வைத்தது.

அதே 1918-இல் நம் குன்னூரில் வேறொரு வேலை தொடங்கியது. பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். பட்டை தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களைத் தாக்கும் நோய் அது. வயிறு நிறையும், கலோரிக்கும் குறையிருக்காது. தவிட்டோடு போய்விட்ட தயமின் என்ற சத்து மட்டும் இருக்காது. அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. உணவில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியும் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளில் வேர்விட்டன.

கணக்கு வைக்கும் வழியின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் எடை இறங்கும். எந்த உணவு முறையும் இந்த விதியைத் தாண்டியது இல்லை. இன்னொன்று, நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களைத் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். சொன்ன அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய நினைவு அப்படி இருந்தது. கணக்கு எழுதுபவருக்கு இந்த மறைவு விலகுகிறது. மாலை நேரத்து மிக்சரும் நாலாவது காபியின் சர்க்கரையும் முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

சிக்கல் நம் சமையலில் வருகிறது. 'சாம்பார் ஒரு கப்' என்று செயலியில் ஓர் எண் இருக்கும். யார் வீட்டுச் சாம்பார், எவ்வளவு பருப்பு, தாளிக்க எத்தனை கரண்டி எண்ணெய் என்பது அதற்குத் தெரியாது. ஒரே வாணலியில் நால்வருக்குச் செய்த வதக்கலில் உங்கள் பங்குக்கு வந்த எண்ணெயை எந்தத் தராசும் பிரித்துக் காட்டாது. உணவகங்களிலும் இதே நிலைதான். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022-இலிருந்து நடப்பில் இருக்கிறது. தெருமுனைப் பரோட்டாக் கடைக்கு அது பொருந்தாது.

அச்சிட்ட எண்ணிலும் ஓட்டை உண்டு. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் பாதாம் பருப்பை மனிதர்களுக்குக் கொடுத்து அளந்தபோது, ஒரு கைப்பிடியில் (28 கிராம்) 170 கலோரி இருப்பதாகக் கணக்கிடப்பட்டதில் உடலுக்குச் சேர்ந்தது சுமார் 129 மட்டுமே. மென்றும் உடையாத செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பு அப்படியே வெளியேறிவிடுகிறது. புரதத்தைச் செரிக்கவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. கொழுப்புக்கு அது மிகச் சொற்பம். ஆக, ஏட்டில் சமமாக இருக்கும் இரண்டு உணவுகள் உடலுக்குள் சமமாக இருப்பதில்லை.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. எண்ணத் தொடங்கியவர், எண்ணச் சுலபமான உணவை நோக்கி நகர்கிறார். பிஸ்கட் பொட்டலத்தில் எண் அச்சாகியிருக்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலில் இல்லை. புரத பார் ஒன்றைப் பதிவுசெய்ய ஒரு தட்டல் போதும். அவியலைப் பதிவுசெய்யப் பத்துப் பொருளை எழுத வேண்டும். சில மாதங்களில் வரம்பு காக்கப்படுகிறது, சாப்பாடு மட்டும் பொட்டலமாக மாறிவிடுகிறது.

அந்தப் பொட்டலம் என்ன செய்யும் என்பதற்கு 2019-இல் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சான்று குறைவு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்திருக்குமாறு அமைத்துவிட்டு, வேண்டிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை சுமார் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அவர்களை யாரும் எண்ணச் சொல்லவில்லை. உணவே பசியை நடத்தியது.

முந்தைய ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மீதிப் பேருக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. கலோரி வரம்பு எதுவும் விதிக்கவில்லை. காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைவாக, முடிந்தவரை வீட்டில் சமைத்தது என்பது இரு குழுவுக்கும் பொது. இரு குழுவும் சராசரியாக 5 முதல் 6 கிலோ குறைந்தன. ஆனால் சராசரிக்குப் பின்னால் பெரிய வேறுபாடு இருந்தது. 20 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் உண்டு, எடை ஏறியவர்களும் உண்டு. நல்ல உணவு என்பது எல்லாருக்கும் தானாக வேலை செய்துவிடுவதில்லை.

நம் ஊரில் அது எங்கே சறுக்குகிறது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. 'ஆரோக்கியம்' என்ற பெயர் ஒட்டியதும் அளவு மறந்துபோகிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. தினையும் சாமையும் அரிசிக்கு நிகரான கலோரி கொண்டவைதான். அவற்றின் சிறப்பு நார்ச்சத்தில் இருக்கிறது, வெள்ளையாகத் தீட்டி விற்கும் சாமையில் அதுவும் குறைந்துவிடுகிறது. சிறுதானிய முறுக்கு என்றாலும் எண்ணெயில் பொரித்த முறுக்குதான்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'பாரம்பரியச் சாப்பாடு' என்று நாம் பெருமையாகச் சொல்லும் தட்டில் பாதிக்கு மேல் வெள்ளைச் சோறு. நாடு முழுதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, நம் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. புரதம் மிகக் குறைவு. நாம் பருப்பு என்று நம்பிச் சாப்பிடும் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு பெரும்பாலும் சொற்பம்தான்.

இனி மளிகைச் சீட்டுக்கு வருகிறேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை 528 பொருள்களின் சத்துகளை அளந்து தருகிறது. அளந்தது சமைக்காத பொருளை. நம்பகமான எண் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும்தான் இருக்கிறது, குழம்புக்கு இல்லை. அப்படியானால் எண் நம்பகமாக இருக்கும் இடத்தில்தானே எண்ண வேண்டும்?

நால்வர் உள்ள வீடு, எல்லாரும் பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று காலியாகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 200 கிராம், ஏறக்குறைய 700 கலோரி. எண்ணெய் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி, அதாவது 270 கலோரி. சர்க்கரை 4 கிலோ என்றால் ஆளுக்கு 33 கிராம், சுமார் 130 கலோரி. ஒரு நடுத்தரத் தேங்காயின் பருப்பு 1000 கலோரியைத் தாண்டும். மாதம் எத்தனை காய் உடைக்கிறீர்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அடுத்த மாதம் அரிசியை 18 கிலோவாகவும் எண்ணெயை இரண்டரை லிட்டராகவும் சர்க்கரையை 2 கிலோவாகவும் குறைத்து வாங்குங்கள். மூன்றும் சேர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கலோரிக்கு மேல் குறைந்துவிடும். அதே சீட்டில் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு என்று 2 கிலோ கூட்டுங்கள். திரும்பி வருவது ஆளுக்கு 55 கலோரி அளவுதான், ஆனால் மாலைச் சுண்டல் பசியைப் பிடித்து நிறுத்தும். காய், கீரைக்கு வாரச் செலவைக் கொஞ்சம் உயர்த்துங்கள். யாரும் சாப்பாட்டின்போது எதையும் எண்ண வேண்டியதில்லை. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று அம்மாவோ மாமியாரோ அன்பாகப் பரிமாறும்போது மல்லுக்கு நிற்கவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் குறைத்ததை வெளியில் வாங்கி ஈடுகட்டக் கூடாது. அப்படி ஈடுகட்டினால் இந்தக் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும். வளரும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய பங்கை அப்படியே விட்டுவிட்டு, பெரியவர்களின் பங்கில் மட்டும் குறையுங்கள்.

தட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பாதி இடம் காய்க்கும் கீரைக்கும். உருளைக்கிழங்கு வறுவலை அந்தப் பாதியில் சேர்க்காதீர்கள். மீதியில் ஒரு பங்கு சோறு அல்லது சப்பாத்தி, ஒரு பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம்.

கலோரிக் கணக்கு யாருக்குச் சரியான தேர்வு? மெஸ்ஸிலும் உணவகத்திலும் சாப்பிடுபவருக்கு மளிகைச் சீட்டே கிடையாது. அவர் இரண்டு வாரம் செயலியில் எழுதிப் பார்க்கலாம். எந்தச் சாப்பாடு கனமானது என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம். உணவை எல்லாம் மாற்றிய பிறகும் மூன்று மாதமாக எடை அசையாதவருக்கும் இரண்டு வாரக் கணக்கு உதவும். பளு தூக்குதல், குத்துச்சண்டை போல எடைப் பிரிவு உள்ள விளையாட்டு வீரர்களுக்கு அது தொழில்முறைத் தேவை. எண்களோடு பழகுவதே பிடிக்கும் என்பவர் தொடரலாம். ஆனால் எடை இறங்க இறங்க உடலின் தேவையும் குறைகிறது. முதல் மாதத்தில் பலன் தந்த வரம்பு ஆறாம் மாதத்தில் அதே பலனைத் தராது. 7700 கலோரிக்கு ஒரு கிலோ என்று நேர்கோட்டில் கணக்கிட்டவர்கள் அங்கேதான் மனம் உடைகிறார்கள்.

வளரிளம் பிள்ளைகளின் கையில் கலோரிச் செயலியைக் கொடுக்காதீர்கள். முன்பு பட்டினி கிடந்தோ அளவு மீறிச் சாப்பிட்டோ துன்பப்பட்டவர்களுக்கும் அது வேண்டாம். எண்ணே அவர்களைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எடைக் குறைப்பைத் தள்ளிவைக்கட்டும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வெறுமனே குறைத்துச் சாப்பிட்டால் கொழுப்போடு தசையும் போகும். அவர்களுக்குப் புரதமும் உடற்பயிற்சியும்தான் முதலில்.

எந்த வழியில் போனாலும் பலனை எதால் அளப்பது? தினமும் எடைக் கருவியில் ஏறினால் உப்பும் நீரும் ஒரு கிலோவரை முன்பின் காட்டும். வாரம் ஒருமுறை எடை, மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு போதும். இந்திய உடலுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை, உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். எடை இறங்கவில்லை என்பதற்காக நல்ல உணவைக் கைவிடாதீர்கள். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் சராசரி எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கவில்லை.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து அதே அளவில் நின்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பயறையும் கீரையையும் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். புரதமும் பொட்டாசியமும் அவர்களுக்கு அளவோடு இருக்க வேண்டியவை. அந்த அளவை அவர்களுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.