பழைய எழுத்தைப் பெயர்த்தல்

ஓர் எழுத்தை எழுத ஒரு நாழிகை போதும். எழுதியதை மாசறப் பெயர்க்கவோ பல நாள் வேண்டும். இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்றிலோம். ஒரு பழம் பேருந்தின் பக்கத் தகட்டிற் கற்றோம். கற்றதை எம் கல்லூரித் தோழர்க்கும், பழைய மாணாக்கர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தோற்றுவாய்

கல்விச்சாலை ஒன்றிற் பல்லாண்டு ஓடி ஓய்ந்த பேருந்து ஒன்று எம் கைக்கு வந்தது. இருக்கைகளைக் கழற்றி, இருபுறமும் மரப்பலகை அடுக்குகள் அமைத்து, குடியாத்தத்தைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கு நூல் கொண்டுசெல்லும் நடமாடும் நூல்நிலையமாக அதனை மாற்றினோம். உள்ளே எல்லாம் புதிது; வெளியே மட்டும் பழைய பள்ளியின் பெயரும், "பள்ளிப் பேருந்து" என்னும் பெரிய எழுத்துக்களும் இருந்தபடியே இருந்தன. "அதனால் யாது கேடு? பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம்.

வெள்ளோட்டம் விட்ட முதல் நாட் காலையிலேயே கேடு யாதென்று விளங்கிற்று. பேரணாம்பட்டுச் சாலையோரம் ஒரு புளிய மரத்தடியில் நின்ற சிறுவர் சிலர் எம் வண்டியைக் கண்டு கை காட்டி ஓடிவந்தனர். நிறுத்தியவுடன் ஒரு சிறுமி படியிற் காலை வைத்து, "அண்ணா, எங்க பஸ் மாறிடுச்சா?" என்று கேட்டாள். அவளை இறக்கி, அவளுடைய வண்டி வருமளவும் அங்கேயே காத்திருந்தோம். எம் இடத்தில் தீய எண்ணமுடையார் எவரேனும் இருந்திருப்பின் என்னாகும் என்ற நினைவு அன்று முழுவதும் எம்மை விட்டகலவில்லை. எழுத்து என்பது வெறும் அலங்காரமன்று. அது பார்ப்பவர்க்குக் கொடுக்கும் வாக்கு. பொய்த்த வாக்கை வண்டியின்மேல் ஒட்டிக்கொண்டு ஊரூராய்த் திரிதல் தகாது.

நன்மையைச் சக்கரத்தின்மேல் ஏற்றி மக்களிடம் கொண்டுசெல்லும் வழக்கம் எமக்குப் புதிதன்று. 1900ஆம் ஆண்டில் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், வாரந்தோறும் குடியாத்தத்திற்குச் செல்லும் வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தனர். அச்சாலையோர மருத்துவமே பின்னர்ப் பெரிதாய் வளர்ந்தது. நூலைப் பொறுத்தவரை, 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்நிலையம் அமைத்துச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அவ்வண்டிகளையெல்லாம் மக்கள் நம்பி எதிர்நோக்கினர். அந்நம்பிக்கையைப் பெற விரும்பும் எம் வண்டி, முதலில் தான் இன்னதென்று மெய்யாய்ச் சொல்லவேண்டுமன்றோ?

ஒட்டெழுத்தின் இயல்பு

முன்னாளில் வண்டிகளுக்குப் பெயர் எழுதுவோர் தூரிகையும் எனாமல் வர்ணமும் கொண்டு எழுதினர். இக்காலத்திலோ இயந்திரத்தால் வெட்டிய வினைல் ஏடே பெரும்பாலும் ஒட்டப்படுகின்றது. நம் ஊர்க் கடைகளில் இதனை "ஸ்டிக்கர்" என்பர். இரவில் விளக்கொளி பட்டு மின்னும் வகையை "ரேடியம்" என்பர். உண்மையில் அதில் ரேடியம் என்னும் உலோகம் சிறிதும் இல்லை, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ வந்த ஒளியை வந்த வழியே திருப்பிவிடுகின்றன, அவ்வளவே.

வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு. இதனை 1872இல் ஜெர்மானியராகிய பௌமன் கண்டார். எனினும் அது கடினமாயும் எளிதில் உடைவதாயும் இருந்தமையால் பயன்படவில்லை. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பார் அதனோடு நெகிழ்விக்கும் எண்ணெய்ப் பொருள்களைக் கலந்து, தோல்போல் வளையுமாறு செய்தார். இங்கே தோற்பதனிடும் ஊரினராகிய நமக்கு ஓர் உவமை எளிதில் தோன்றும். பதனிட்ட தோலுக்குக் கொழுப்பு ஊட்டாவிடில் அது காய்ந்து வெடிக்கும்; வினைலினின்று நெகிழ்விக்கும் பொருள் நீங்கினும் அஃதவ்வாறே ஆகும். வேலூர்ப் பக்கத்துக் கோடை வெயிலிற் பல்லாண்டு நின்ற எழுத்து, உரித்தால் நாடாவாக வாராது முறுக்கு நொறுங்குவதுபோல் நொறுங்குவதன் காரணம் இதுவே.

வினைலின் அடியில் உள்ள பசை பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் வகையினது. இது காய்ந்து இறுகுவதன்று. என்றும் சிறிது நெகிழ்வாகவே இருந்து, அழுத்தத்தால் பற்றிக்கொள்வது. இவ்வகைப் பசைநாடாவின் வரலாற்றிலும் வண்டிப் பட்டறைக்கு ஓர் இடமுண்டு. மோட்டார் வண்டிக்கு இரு வர்ணம் தீட்டுவோர், ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து பெயர்வதைக் கண்டு வருந்தினர். அதனைத் தீர்க்கவே ரிச்சர்டு ட்ரூ என்பார் 1925இல் எளிதில் உரியும் நாடாவை அமைத்தார். நூறாண்டு கழித்து எமக்கு நேர்ந்ததும் அதே இடர்தான்.

யாம் செய்த பிழைகள்

முதற் பிழை, இரும்புத் தகட்டாற் சுரண்டியது. சவரத் தகடும் பட்டி இழுக்கும் இரும்புத் தகடும் கொண்டு ஓரெழுத்தை விரைவில் அகற்றிவிட்டோம். ஆனால் வர்ணமும் அதன்கீழ் உள்ள பிரைமரும் கீறுண்டு, அடுத்த மழைக்குப் பின் அவ்வெழுத்தின் வடிவிலேயே துரு பூத்தது. அழிக்கப் புகுந்த எழுத்தை இரும்பில் நிலையாக எழுதியவரானோம்!

இரண்டாம் பிழை அதனினும் பெரிது. "மேலே வர்ணம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று ஒருவர் கூற, ஒரு பக்கத்தில் அவ்வாறே செய்தோம். சில வாரங்களில் வெயிலால் வினைல் சுருங்கி, ஒவ்வோர் எழுத்தின் ஓரமும் வர்ணத்தின் கீழிருந்து எழுந்து தெரிந்தது. பசை கசிந்த இடங்களில் புதிய வர்ணம் பற்றாது உரிந்தது. ஒருமுறை செய்யவேண்டிய வேலை மும்முறை ஆயிற்று.

உரிக்கும் முறை

இனி, பிழைகளால் யாம் கற்ற நன்முறையைக் கூறுவோம்.

முதலாவது, தகட்டைச் சோப்பு நீரால் நன்கு கழுவி உலர்த்துக. புழுதி இருப்பின் அதுவே உப்புத்தாள்போல் வர்ணத்தைக் கீறும்.

இரண்டாவது, வெப்பம் ஊட்டுக. வெப்பத்தால் வினைல் நெகிழும். பசையின் பிடியும் தளரும். கோடையிற் பிற்பகல் வெயில் படும்படி வண்டியை நிறுத்தினால் கதிரவனே பாதி வேலையைச் செய்துவிடுவான். எஞ்சியதற்குத் தலைமயிர் உலர்த்தும் கருவி போதும். பட்டறைகளில் உள்ள வெப்பக்காற்றுத் துப்பாக்கி சில நூறு பாகை வரை சூடுதரும். அதனை ஓரிடத்தில் நிறுத்தாது அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். தகட்டின் சூடு 60 பாகை சென்டிகிரேடு அளவில் இருப்பின் நன்று: கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும், ஆயின் வர்ணம் கொப்புளிக்காது. மிகுதியாகச் சுட்டால் வினைல் மட்டும் வந்து, பசை முழுதும் தகட்டிலேயே தங்கிவிடும். தீச்சுடரை ஒருபோதும் காட்டற்க. இப்பொருள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும்.

மூன்றாவது, எழுத்தின் ஒரு மூலையைப் பிளாஸ்டிக்குச் சீவுளியாலோ பழைய அட்டையாலோ கிளப்பி, பின்னோக்கி மடித்து, தகட்டை ஒட்டியவாறே மெல்ல இழுக்கவேண்டும். விரைந்திழுத்தால் ஏடு அறுந்துபோம். மெல்ல இழுத்தால் பசை ஏட்டோடு கூடிவரும். இங்கே பொறுமையே கருவி. மின்னும் எழுத்துக்கள் பல அடுக்குடையவை ஆதலின் துண்டு துண்டாகவே வரும். அவற்றிற்கு இருமடங்கு காலம் ஒதுக்குக.

பசையை நீக்கும் முறை

ஏடு போயினும் பசை போகாது. அதன்மேற் புழுதி படிந்து, பழைய எழுத்து முன்னினும் கருமையாய்த் தெரியும். பசைக்கு மருந்து, அதன் இனத்தோடு ஒத்த கரைப்பான். நீர் அதனைக் கரைக்காது. எண்ணெயினமும் ஆல்கஹால் இனமும் நெகிழ்விக்கும். மண்ணெண்ணெய், டர்ப்பன்டைன், நீலகிரித் தைலம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவற்றுள் ஒன்றைத் துணியில் நனைத்துப் பசையின்மேல் சிறிதுநேரம் படியவிட்டு, மழுங்கிய பிளாஸ்டிக்கால் திரட்டி எடுக்கலாம். எதனையும் முதலிற் புறம் தெரியாத ஒரு மூலையிற் பூசிப் பார்த்து, துணியில் வர்ணம் ஏறவில்லை என்று கண்ட பின்னரே பயன்படுத்துக. தின்னர் விரைவிற் கரைக்கும். ஆயின் பசையோடு வர்ணத்தையும் கரைத்துவிடும்.

இவ்விடத்து ஒரு முதியவர்க்கு யாம் கடப்பாடுடையோம். ஆம்பூரிற் காலணித் தொழிற்சாலையிற் பல்லாண்டு உழைத்த அவர் எம் பாட்டைச் சிறிதுநேரம் நின்று பார்த்தார். பின், "தம்பி, எண்ணெயக் கொட்டி ஏன் வீணாக்குறீங்க? இத வச்சுத் தேயுங்க, பசை தானா உருண்டு வரும்" என்று சொல்லித் தம் பையிலிருந்து ஒரு கட்டி கிரேப் ரப்பரை எடுத்துக் கொடுத்தார். காலணியின் விளிம்பில் கசிந்த பசையை அத்தொழிலாளர் அவ்வாறே துடைப்பர். மென்மையான பசைப்பரப்பில் அக்கட்டியைத் தேய்த்தபோது, பசை தன்னோடொத்த ரப்பரைப் பற்றிக்கொண்டு உருண்டைகளாய்த் திரண்டு வந்தது. வர்ணத்திற் கீறல் இல்லை, நாற்றம் இல்லை. எம் வேதியியற் பாடத்தில் பயின்ற கொள்கையை அவர் கையிற் கண்டோம். இறுகிப்போன பசைக்கு மட்டும் பின்னர்க் கரைப்பான் தேவைப்பட்டது.

இறுதியாக, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்பு நீரால் இருமுறை கழுவவேண்டும். எண்ணெய் தங்கிய தகட்டிற் புது வர்ணம் மீன்கண் போன்ற குழிகள் விட்டு விலகும்.

எச்சரிக்கை

தீப்பெட்டித் தொழில் நடைபெறும் குடியாத்தத்தார்க்குத் தீயின் இயல்பைக் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் ஒன்று கூறுவோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 பாகையிலும், தின்னரில் உள்ள டொலுயீனின் ஆவி 4 பாகையிலுமே தீப்பற்றும். நம் ஊரில் நள்ளிரவிலும் அவ்வளவு குளிர்ச்சி அரிது. ஆதலின் வெப்பக் கருவியும் கரைப்பானும் ஒரே நேரத்திற் கூடலாகா. வெப்பத்தால் உரித்து முடித்து, தகடு ஆறிய பின்னரே கரைப்பானைத் திறக்கவேண்டும். இவ்வாவிகள் காற்றினும் கனமானவை. வண்டியின் உட்புறத்தில் வேலை செய்தால் தரையில் தேங்கி நிற்கும். கதவு, பலகணி யாவும் திறந்திருக்கட்டும், கையுறை அணிக.

கரைப்பான் நனைந்த துணியையும் பசைக் கழிவையும் கால்வாயில் எறியற்க. குடியாத்தத்தின் ஊடே ஓடும் கௌண்டன்யா ஆறு பாலாற்றிற் சேர்கின்றது. தோற்கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட துயரம் நாடறிந்தது. அது குறித்தெழுந்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெருந்தொழிலுக்குச் சொன்ன அந்நீதி எம் சிறு துணிக்கும் பொருந்தும். துணிகளைத் திறந்த வெளியில் உலர்த்தி, உரிய கழிவோடு ஒப்படைத்தோம்.

மற்றொன்று: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற விரும்புவோர் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெறவேண்டும். இருக்கைகளைக் கழற்றுமுன் இதனை முடித்தல் நன்று. பள்ளி வண்டிக்குரிய மஞ்சள் வர்ணமும் எழுத்தோடு கூடவே மாறவேண்டுவது என்பது, அச்சிறுமியைக் கண்ட எமக்குச் சொல்லாமலே விளங்கும்.

எஞ்சிய நிழல்

எழுத்தும் பசையும் நீங்கிய பின்னும் ஒன்று எஞ்சியது. வெயில் பட்ட மஞ்சள் வெளுத்திருக்க, எழுத்தின் கீழ் மறைந்திருந்த மஞ்சள் மட்டும் புதுமை குன்றாது இருந்தது. ஆகவே பள்ளியின் பெயர் நிழலாய் நின்றது. பழைய வர்ணத்தையே வைத்துக்கொள்வோர், மெருகுப் பசையால் வெளுத்த மேற்பரப்பைத் தேய்த்து இந்நிழலைக் குறைக்கலாம். முற்றும் போக்குதல் அரிது. யாமோ வர்ணம் மாற்ற வேண்டியவர் ஆதலின், நீரில் நனைத்த உப்புத்தாளால் மட்டமாய்த் தேய்த்து, துருவேறிய இடத்தைச் சுரண்டிப் பட்டி வைத்து, பிரைமர் பூசிப் பின் வெள்ளையும் நீலமும் தீட்டினோம்.

தேய்க்குமுன் ஒரு மாலையில், தெருவழியே சென்ற இளைஞர் ஒருவர் நின்று அந்நிழலைப் படித்தார். "இந்த வண்டியிலதாங்க நான் எட்டு வருஷம் போனேன், அந்த மூணாவது ஜன்னல் என் இடம்" என்றார். பின் தாமே ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எம்மோடு இருள்மட்டும் தேய்த்தார்.

முடிவுரை

மாணாக்கர்காள்! பழையதை மூடி அதன்மேற் புதியதைத் தீட்டுதல் எளிது. ஆயின் மூடியது ஒருநாள் எழுந்து நிற்கும். வலிந்து சுரண்டினாலோ அடிப்பொருளே கெடும். இளஞ்சூடும், ஏற்ற மருந்தும், பொறுமையும் கொண்டு பழையதை முறையாய் நீக்கியவர்க்கே புதியது நன்கு பற்றும். வண்டித் தகட்டுக்கன்றி, ஒருவர் தம் பழக்கங்களைத் திருத்திக்கொள்வதற்கும் இது பொருந்துமோ என்பதை நீவிரே எண்ணிப் பார்ப்பீராக.

இப்பொழுது எம் வண்டியின் பக்கத்தில் "நடமாடும் நூல்நிலையம்" என்று எழுதியிருக்கின்றது. அதனை ஒட்டவில்லை, தூரிகையால் எழுதுவித்தோம். அப்புளிய மரத்தடியில் அவ்வண்டி இன்றும் நிற்கின்றது. ஆனால் காலையில் அன்று. பள்ளி விட்ட பின் மாலையில்.